சினிபெஞ்ச் 12,000 காட்டியும் கல்யாண வீடியோ ஏன் திக்குகிறது?

திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. மதுரையில் ஒரு கடையில் புதிதாக சிஸ்டம் அசெம்பிள் செய்து வாங்கியிருக்கிறார். இன்டெல் ஐ5-12400எஃப், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, 1 டிபி ஜென்4 எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு. கடையில் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டி 12,000 சொச்சம் ஸ்கோர் காட்டி, ‘இதுக்கு மேல என்ன தம்பி வேணும்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்டுடியோவில் வந்து சோனி கேமராவின் 4கே கிளிப்பை எடிட்டிங் டைம்லைனில் போட்டால் காலையிலும் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. காலையில் போடும் எக்ஸ்போர்ட்டைவிட மத்தியானம் போடும் எக்ஸ்போர்ட் நேரம் பிடிக்கிறது. திரும்பக் கடைக்குப் போனால் அதே 12,000-ஐக் காட்டுகிறார்கள். வேகத்தை அளந்து ஸ்கோர் தரும் இந்த பெஞ்ச்மார்க் மென்பொருள்களில் எதை நம்புவது, எதைக் காட்டிப் பேசுவது என்று கேட்கிறார்.

தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 12400-க்கு ஆர்23-ல் 12,000-ஐ ஒட்டி வருவது சரியான ஸ்கோர்தான், சிப்பில் குறை இல்லை. உங்கள் குறையும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம், அந்த 12,000 உங்கள் வேலையைப் பற்றி எதையுமே சொல்லவில்லை என்பதுதான். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஸ்டுடியோக்காரர்கள், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்பவர்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் உங்களுக்கும் விரிவாகச் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெஞ்ச்மார்க் என்ற சொல் நில அளவைக்காரர்களிடமிருந்து வந்தது. கல்லில் ஒரு கோடு செதுக்கி வைப்பார்கள், எப்போது வந்து அளந்தாலும் அதே கோட்டில் அளவுகோலை நிறுத்தி அங்கிருந்துதான் மற்ற இடங்களின் உயரத்தை எடுப்பார்கள். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும், மதுரை ஜங்ஷனில் நின்றால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டம் என்ற ஒரு நிலையான இடம் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் ஸ்கோரும் அப்படித்தான். கீக்பெஞ்ச் 6 என்ற இன்னொரு சோதனை மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், கோர் ஐ7-12700 சிப்பை 2,500 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு ஸ்கோர் கொடுக்கிறார்கள். முந்தைய கீக்பெஞ்ச் 5-ல் அந்த இடத்தில் இருந்தது கோர் ஐ3-8100, அதற்கு 1,000. ஆகவே ஐந்தின் ஸ்கோரையும் ஆறின் ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கூடிவிட்டது, குறைந்துவிட்டது’ என்று பேசுவது தப்பு. சினிபெஞ்சிலும் இதே கதை, ஆர்23-ல் ஆயிரக்கணக்கில் வரும் உங்கள் சிப் சினிபெஞ்ச் 2024-ல் சில நூறுகள்தான் காட்டும், அதைப் பார்த்து சிப் கெட்டுவிட்டது என்று ஒருவர் என்னிடம் பதறிக்கொண்டு வந்திருக்கிறார். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஸ்கோரை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

சரி, சினிபெஞ்ச் என்ன அளக்கிறது? மேக்சன் என்ற ஜெர்மன் நிறுவனம் சினிமா 4டி என்ற 3டி மென்பொருளைத் தயாரிக்கிறது, அதில் படம் வரையும் எஞ்சினைத் தனியாக எடுத்துச் செய்த சோதனைதான் சினிபெஞ்ச். ஒரு பெரிய படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சிப்பில் கணக்குப் போடும் பகுதியான ஒவ்வொரு கோரும் ஆளுக்கொரு கட்டமாக எடுத்து வரைந்து முடிக்கும். ஆர்23-ல் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே கிடையாது. எஸ்எஸ்டியைத் தொடுவதில்லை, ராமையும் அதிகம் சோதிப்பதில்லை. கிரைண்டர் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும், மாவு எப்படி வரும் என்று சொல்லாது. நீங்கள் 3டி படம் வரைபவராக இருந்தால் அந்த ஸ்கோர் உங்களுக்கு நேரடியாக உதவும். நீங்கள் செய்வதோ வீடியோ எடிட்டிங், அதில் மோட்டார் ஒரு பகுதி மட்டும்தான்.

உங்கள் இரண்டு குறைகளில் மத்தியான எக்ஸ்போர்ட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எளிதாகப் பிடிபடும்.

12400-ன் அடிப்படை மின்சக்தி 65 வாட், உச்சமாக 117 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. வேலை தொடங்கியதும் கொஞ்ச நேரம் தாராளமாக ஓடும், அப்புறம் மதர்போர்டில் எழுதியிருக்கும் வரம்புக்கு இறங்கும், அல்லது சூடு 100 டிகிரியைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சினிபெஞ்ச் ஒரு சுற்று உங்கள் சிப்பில் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் எடுக்கும். ஏ.சி. போட்ட கடையில், கேபினட் மூடி திறந்த நிலையில், ஒரு நிமிடம் ஓட்டினால் எந்த சிப்பும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். உங்கள் எக்ஸ்போர்ட் நாற்பது நிமிடம் ஓடுகிறது, அதுவும் சித்திரை வெயிலில். அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும், ஏனென்றால் ஹீட் சிங்க் அறைக் காற்றைவிடக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் மாடியறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் யாரோ 21 டிகிரி அறையில் எடுத்த ஸ்கோரை வைத்து இங்கே ஒப்பிடக் கூடாது என்பதை நான் அடித்துச் சொல்வேன்.

இதைச் சோதிக்க ஆர்23-லேயே வழி இருக்கிறது. அட்வான்ஸ்டு பெஞ்ச்மார்க் என்பதை இயக்கினால் குறைந்தபட்ச நேரம் கேட்கும், 10 நிமிடம் வைக்கலாம், 30 நிமிடமும் வைக்கலாம். 10 நிமிடம்தான் அதில் இயல்பாகவே வரும், நேரம் மிச்சம் என்று பலரும் அதை அணைத்துவிட்டு ஒரே சுற்றில் ஸ்கோரைக் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் 30 நிமிடம் வையுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை சென்சார்கள் மட்டும் என்ற முறையில் திறந்து வையுங்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் இப்போதைய அளவு, குறைந்தது, கூடியது, சராசரி என்று நான்கு பத்தி இருக்கும். சிபியு பேக்கேஜ் வெப்பம், சிபியு பேக்கேஜ் பவர், கோர் கிளாக், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) ஆமா இல்லையா, இந்த நான்கு வரிகள் போதும். எல்லாக் கோர்களும் ஓடும்போது 12400 சுமார் 4.0 கிகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அது 3.4, 3.2 என்று இறங்கினால் காரணத்தைப் பாருங்கள். வெப்பம் 100-ஐத் தொட்டு த்ராட்லிங் ‘ஆமா’ என்று காட்டினால் குளிர்விப்பதில் குறை. வெப்பம் 70-தான் இருக்கிறது, ஆனால் பவர் 65 வாட்டில் வெட்டி நிற்கிறது என்றால் மதர்போர்டு வரம்பு, மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம். எச்610-ல் விலை குறைந்த போர்டுகளில் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதிக்கு ஹீட் சிங்க்கே இருக்காது, அந்தப் பகுதி சூடேறி வேகத்தை இழுத்துப் பிடிப்பதும் நடக்கும்.

இதில் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒருமுறை ஓட்டுங்கள், அறையில் ஒரு சுவர்த் தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மூடி மாட்டியபடி ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை. கழற்றினால் வேகம் நிற்கிறது, மாட்டினால் விழுகிறது என்றால் கேபினட்தான் குற்றவாளி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, உள்ளே கலர் விளக்கு ஃபேன் மூன்று வைத்து, காற்று உள்ளே வர விரல் அகலம்கூட இடம் விடாத கேபினட்டுகள் நம் ஊரில் நிறைய விற்கின்றன. பார்க்க அழகுதான். நாள் முழுக்க ரெண்டர் ஓடும் ஸ்டுடியோவுக்கு அவை வேண்டாம்.

கீக்பெஞ்சில் இந்தக் குறை பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் சோதனைகள் குட்டிக் குட்டியானவை, இடையிடையே சிறு இடைவெளியும் விட்டு ஓடும், அதனால் சிஸ்டம் சூடேறுவதற்குள் முடிந்துவிடும். நீண்ட ஓட்டத்தைப் பார்க்க அது உதவாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் டைம்லைன் திக்குவது. இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் காலையிலும் திக்குகிறது என்கிறீர்கள். உங்கள் சிப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் ‘எஃப்’ என்ற எழுத்தைக் கவனியுங்கள். அந்த எழுத்து இருந்தால் சிப்பில் உள்கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். ‘தனியாகத்தான் 3050 கார்டு போடுகிறோமே, உள்கிராபிக்ஸ் எதற்கு, சில ஆயிரம் மிச்சம்’ என்று கடையில் எஃப் போட்டிருப்பார்கள். கேம் விளையாடுபவருக்கு அது நல்ல யோசனை. ஆனால் இன்டெல் உள்கிராபிக்ஸோடு சேர்ந்து வரும் குவிக் சிங்க் என்ற, சுருக்கிய வீடியோவை விரிக்கும் சுற்று ஒன்று உண்டு, எஃப் சிப்பில் அதுவும் போய்விடுகிறது.

இதனால் என்ன? கேமரா பதியும் வீடியோ சுருக்கப்பட்டது, டைம்லைனில் ஓட ஒவ்வொரு பிரேமையும் விரிக்க வேண்டும். சாதாரண மொபைல் வீடியோ 4:2:0 என்ற முறையில் இருக்கும், அதாவது நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல். உங்கள் சோனியில் 10 பிட் 4:2:2 வைத்திருப்பீர்கள், அதில் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல். கூரைப்பட்டுச் சிவப்பையும் மஞ்சள் தாலிக் கயிற்றையும் கலர் கரெக்‌ஷனில் சரியாகக் கொண்டுவர அதுதான் நல்லது, நீங்கள் அப்படி எடுப்பது தப்பில்லை. சிக்கல், ஆர்டிஎக்ஸ் 3050-ல் இருக்கும் வீடியோ சுற்றுக்கு 4:2:2-ஐ விரிக்கத் தெரியாது. 3090 வாங்கினாலும் தெரியாது, 4090 வாங்கினாலும் தெரியாது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல் குவிக் சிங்க்கோ 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 என்ற முறையில் சுருக்கிய 10 பிட் 4:2:2-ஐ விரிக்கும். ஆக, எஃப் இல்லாத சாதாரண 12400 போட்டிருந்தால் எச்.265 கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும், உங்களிடமோ அந்த மொத்த வேலையையும் ஆறு கோர்களும் கையால் செய்கின்றன. இரண்டு கேமரா, மூன்று கேமரா மல்டிகேம் போட்டால் சொல்லவே வேண்டாம். ஒரு கூடுதல் விஷயம், அதற்கு முந்தைய எச்.264 முறையில் எடுத்த 4:2:2-ஐ 12-ஆம் தலைமுறை குவிக் சிங்க்கும் விரிக்காது. அதனால் கேமரா மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் வைத்திருக்கிறீர்களா, எக்ஸ்ஏவிசி எச்எஸ் வைத்திருக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். எஸ் என்றால் எச்.264, எச்எஸ் என்றால் எச்.265.

இதை எந்த ஸ்கோரும் உங்களுக்குச் சொல்லாது. சினிபெஞ்சில் எஃப் சிப்பும் எஃப் இல்லாத சிப்பும் ஒரே ஸ்கோர்தான் வாங்கும். கிராபிக்ஸ் கார்டை அளக்கும் 3டிமார்க் ஓட்டினாலும் தெரியாது. ஆனால் விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர் சொல்லிவிடும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் வீடியோ டீகோட் என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் உங்கள் மொபைலில் எடுத்த ஒரு 4கே கிளிப்பை டைம்லைனில் ஓடவிடுங்கள், அந்தக் கட்டத்தில் கோடு எழும்பும். அடுத்து சோனி கிளிப்பை ஓடவிடுங்கள். கோடு தரையோடு தரையாகக் கிடந்து, சிபியு மட்டும் 80, 90 சதவீதம் ஏறினால் நான் மேலே சொன்னதுதான் காரணம். ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் போன்றவற்றுக்கென்றே பியூஜட்பெஞ்ச் என்ற சோதனை இருக்கிறது, அது அந்த மென்பொருளையே உள்ளுக்குள் இயக்கி நேரம் எடுக்கும். வீடியோக்காரர்களுக்கு சினிபெஞ்சைவிட அது ஆயிரம் மடங்கு பொருத்தம். இருந்தாலும் உங்கள் கிளிப், உங்கள் டைம்லைன், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

எஸ்எஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற ஜப்பானிய இலவச மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஜென்4 எஸ்எஸ்டி பெட்டியில் நொடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருக்கலாம், ஆனால் 3,500 பக்கம்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். உடனே டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போக வேண்டாம். எச்610 போர்டுகளில் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் முந்தைய ஜென்3 வேகம்தான், ஜென்4-ல் பாதி, சிப்செட்டே அப்படி. காசு கொஞ்சம் வீணாகியிருக்கிறது, பொருள் அசல்தான். அந்தத் திரையில் நான்கு வரி காட்டும், எல்லோரும் மேல் வரியைப் பார்த்து மயங்குவார்கள். கடைசி வரிதான், 4கே க்யூ1 என்று இருப்பது (இது 4கே வீடியோ இல்லை, 4 கிலோபைட் துண்டுகள்), விண்டோஸ் திறப்பதும் ப்ராஜெக்ட் திறப்பதும் எப்படி இருக்கும் என்று சொல்வது. உங்களுடையது போன்ற நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் அது படிக்கும்போது 50-லிருந்து 90 எம்பி வரை வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 1 எம்பிகூட வராது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியபோது எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்த வரிதான்.

ஆனால் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் இயல்பாக 1 ஜிபி அளவில்தான் சோதிக்கும். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் வரும் டேட்டாவை முதலில் ஒரு வேகமான சிறு பகுதியில் வாங்கிக்கொண்டு, அப்புறம் நிதானமாக உள்ளே அடுக்கும். அந்தச் சிறு பகுதி நிரம்பிவிட்டால் எழுதும் வேகம் பொத்தென்று விழும், க்யூஎல்சி என்ற மலிவு வகையில் நொடிக்கு 100 எம்பி அளவுக்கும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், அது ஹார்ட் டிஸ்க் வேகம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்று 300 ஜிபி வருகிறது உங்களுக்கு, 1 ஜிபி சோதனை உங்களுக்கு என்ன சொல்லும்? வேறொரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து 200 ஜிபி ஃபோல்டர் ஒன்றைக் காப்பி போட்டு, விண்டோஸ் காட்டும் வரைபடம் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். கேமரா கார்டிலிருந்து போட்டுப் பார்க்காதீர்கள், கார்டே மெதுவானது, எஸ்எஸ்டியின் குறை வெளியே தெரியாது. இந்தச் சோதனை எஸ்எஸ்டியில் நிறைய எழுதும், அதனால் ஒருமுறை போதும், வாராவாரம் வேண்டாம்.

அதே மென்பொருள்காரரின் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவையும் திறந்து பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், பாருங்கள். புது எஸ்எஸ்டி என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கிய எஸ்எஸ்டியை ஒரு பள்ளிக்கூடத்துக்காரரின் சிஸ்டத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன், மூன்று மாதத்தில் டேட்டா போனது, அப்புறம் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஏற்கெனவே ஓடியது. அந்த வருடத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் அதில் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன், அன்றிலிருந்து ஒரு எஸ்எஸ்டியைக்கூட இதைப் பார்க்காமல் மாட்டியதில்லை.

ராம் விஷயம் சுருக்கமானது. சிபியு-இசட் என்ற மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் (ராமுக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டா போகும் பாதை) ஒன்றா இரண்டா என்று காட்டும், உங்களிடம் ஒரே ஸ்டிக் என்பதால் ஒன்றுதான் காட்டும். அங்கே வேகம் 1600 என்று பார்த்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், டிடிஆர் ராமில் உண்மை கிளாக் பாதிதான், 1600 என்றால் 3200 சரியாக ஓடுகிறது. இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் போடுங்கள், 4கே எடிட்டிங்குக்கு மொத்த அளவும் தேவை, இரட்டை சேனலும் கிடைக்கும். போடுவதற்கு முன்னும் பின்னும் ஃபைல் சுருக்கும் மென்பொருளான 7-ஜிப்பில் உள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பாருங்கள், அதன் சுருக்கும் சோதனை ராமைப் பெரிதும் சார்ந்தது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பெயரைப் பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் விற்பது நடக்கிறது, 2018-லிருந்து அந்த மாதிரிப் பல கார்டுகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்றே காட்டுகிறது ஜிபியு-இசட். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம். ஃபர்மார்க் என்ற சோதனையை மட்டும் கவனமாக ஓட்டுங்கள், அது கார்டை வேண்டுமென்றே கொதிக்க விடுவது, பத்து நிமிடத்துக்கு மேல் எதற்கும் தேவையில்லை. உங்களிடம் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தாங்குவது 360 வாட் போலத்தான். சிபியு, ஜிபியு இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும், திறந்து வைத்த ப்ராஜெக்டை சேவ் செய்துவிட்டே ஆரம்பியுங்கள்.

எந்த மென்பொருளை நம்புவது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். ஸ்கோரை வைத்துத்தான் சனம் வாங்குகிறது என்று தெரிந்ததும் தயாரிப்பவர்களே ஸ்கோருக்காக வேலை செய்ய ஆரம்பித்தார்கள். 2003-ல் 3டிமார்க்03 ஓடும்போது மட்டும் படத்தின் சில பகுதிகளை வரையாமல் விட்டு ஸ்கோர் ஏற்றியதாக என்விடியா டிரைவர் மாட்டியது. 2013-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 சில பெஞ்ச்மார்க் செயலிகளின் பெயரைக் கண்டதும் தனி வேகத்தில் ஓடியது வெளியே வந்தது. 2018-ல் இதே மாதிரிக் காரணத்துக்காக ஹுவாவே போன்கள் சிலவற்றை 3டிமார்க் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இன்னொரு பக்கம், மென்பொருள்காரர்களே எதற்கு எவ்வளவு மதிப்பு என்று மாற்றுவார்கள். யூசர்பெஞ்ச்மார்க் 2019-ல் தன் மொத்த ஸ்கோரில் பல கோர் வேலையின் பங்கை 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது, ரெண்டர் செய்பவருக்கு அந்த மொத்த ஸ்கோரால் ஒரு பயனும் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் எதையும் நான் பார்ப்பதில்லை, உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அதனால் உங்களுக்கென்று ஒரு சோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன ஒரு கல்யாணத்திலிருந்து பத்து நிமிட டைம்லைன், நீங்கள் வழக்கமாகப் போடும் அதே கலர், அதே டைட்டில், இரண்டு இடத்தில் ஸ்லோமோஷன், எல்லாம் சேர்த்து ‘சோதனை’ என்று ஒரு ப்ராஜெக்டாக வையுங்கள், அதை இனித் திருத்தவே கூடாது. எக்ஸ்போர்ட் செட்டிங்கும் மாறக் கூடாது. சிஸ்டத்தை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விட்டு, அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் அடங்கிய பிறகு மூன்று முறை எக்ஸ்போர்ட் போட்டு நடு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே வருவது இயல்பு, அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். தேதி, அறை வெப்பம், டிரைவர் பதிப்பு, நேரம், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேகம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் அதே ப்ராஜெக்டை ஓட்டுங்கள். பத்து சதவீதம் குறைந்திருந்தால் தூசி அடைத்திருக்கும், சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஏதோ டிரைவர் மாறியிருக்கும். என்னிடம் வரும் ஒரு ஸ்டுடியோக்காரர் மூன்று வருடமாக இப்படி நோட்டு வைத்திருக்கிறார், அவர் சிஸ்டத்தில் குறை கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆவதில்லை.

கடைக்காரரிடம் பேசும்போது ஸ்கோரைப் பற்றிச் சண்டை போடாதீர்கள், அவர் சொன்ன 12,000 சரியானதுதான். 30 நிமிட ஓட்டத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ காட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். த்ராட்லிங் இருந்தால் ஹீட் சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டாக் கூலரின் நான்கு கால்களில் ஒன்று பூட்டாமல் இருப்பது அடிக்கடி நடக்கும், அது அவர் சரிசெய்து தர வேண்டியது. எஃப் விஷயம் வேறு. வீடியோ எடிட்டிங்குக்கு என்று சொல்லித்தான் வாங்கினீர்கள் என்றால், வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு எஃப் இல்லாத 12400 மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள், பில் போட்டு ஒரு மாதத்துக்குள் என்றால் நல்ல கடைக்காரர்கள் செய்வார்கள். மாற்றினால் பயாஸில் உள்கிராபிக்ஸையும் கார்டையும் ஒன்றாக இயக்கும் வசதியை ஆன் செய்ய மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் 3050 இருப்பதைப் பார்த்துக் குவிக் சிங்க் தூங்கிவிடும். மாற்றித் தர மறுத்தால் ப்ராக்ஸி, அதாவது அசல் கிளிப்பின் இலேசான நகல், போட்டு எடிட் செய்யுங்கள், இரவில் ப்ராக்ஸி உருவாக்க விட்டுவிட்டால் காலையில் டைம்லைன் வழுக்கும், கடைசி எக்ஸ்போர்ட் அசல் கிளிப்பிலிருந்துதான் போகும், தரம் குறையாது.

வைகாசி முகூர்த்தங்கள் ஆரம்பிப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள். இன்று இரவே அந்த மொபைல் கிளிப், சோனி கிளிப் இரண்டையும் ஓட்டி வீடியோ டீகோட் கோடு என்ன காட்டுகிறது, கேமரா மெனுவில் எஸ் இருக்கிறதா எச்எஸ் இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். எஸ் என்றால் சிப் மாற்றியும் பலன் இருக்காது, கேமரா செட்டிங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.